விசா முடிந்த பிறகு?

2023 டிசம்பரில் வடசென்னையின் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் குடும்பம் குடும்பமாகத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளையிடம், “லேப்டாப்லதானே வேலை, வேற எங்கயாவது போயேன்” என்று இங்கே ஒரு தாய் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

போக வழிகள் உண்டு. எங்கிருந்தும் வேலை செய்பவர்களுக்காகத் தாய்லாந்து 2024 ஜூலையில் தொடங்கிய டி.டி.வி. விசா 5 ஆண்டு செல்லும். கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். ஆனால் ஒருமுறை உள்ளே போனால் 180 நாள்தான், பிறகு நீட்டிப்பு கேட்க வேண்டும். மலேசியாவின் டிஇ ரன்தாவ் திட்டம் கணினித் துறையினரிடம் ஆண்டுக்கு 24,000 டாலர் வருமானம் கேட்கிறது. 12 மாதம், அதன்பின் இன்னொரு 12 மாதம். தமிழிலேயே பேசிக் காலம் தள்ளலாம் என்பதால் நம்மவர்களுக்கு அதில் ஆசை அதிகம். இரண்டுமே நிரந்தரமாக வசிக்கும் உரிமையைத் தராதவை.

அந்த உரிமையின் அருமை வடசென்னைக்குத் தெரியும். தலைமுறைகளாகப் பர்மாவின் ரங்கூனில் கடை வைத்தும் மூட்டை சுமந்தும் வாழ்ந்த தமிழர்களில் பலரிடம் அந்நாட்டுக் குடியுரிமை இல்லை. 1962இல் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. கப்பலேறித் திரும்பியவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்தது. அந்தப் பக்கத் தள்ளுவண்டிகளில் இன்றும் ஆரஞ்சு நிற நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் பிசைந்து அத்தோ தருகிறார்கள். எத்தனை வருடம் தங்கினார்கள் என்பதை வைத்து அந்தக் குடும்பங்களை யாரும் பர்மாவில் இருக்க விடவில்லை.

அதனால்தான் எனக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மேலாகப் படுகின்றன. அங்கே இதுபோன்ற விசாவில் போய் முறைப்படி 5 ஆண்டு வாழ்ந்தால் நீண்டகால வசிப்புரிமை கேட்கலாம். தடை, வருமானம்: ஸ்பெயினில் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரு மடங்கு, போர்ச்சுகலில் நான்கு மடங்கு. நம் ஊர்ச் சம்பளத்தில் பலருக்கு எட்டாது.

வரியையும் பார்க்க வேண்டும். ராயபுரத்தில் கப்பலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் இந்தியாவில் தங்கும் நாட்களை வைத்து வரியை முடிவுசெய்யும் 182 நாள் கணக்கை விளக்குவார்கள். ஆனால் இந்திய நிறுவனம் இங்குள்ள வங்கிக் கணக்கில் போடும் சம்பளத்துக்கு, நாள் கணக்கு எப்படி இருந்தாலும் பொதுவாக இங்கே வரி உண்டு. இன்னொன்று: ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று நிறுவனம் சொன்னால் அது வெளிநாட்டு வீட்டுக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிக்கெட் போடும் முன் ஹெச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.