தேய்மானம் இல்லாத ஆச்சி!

ஒரு சின்னக் கேள்வி. 1963-ல் வந்த 'கொஞ்சும் குமரி' படத்தின் கதாநாயகி யார்?

லஞ்ச் டயத்தில் நாலு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "சரோஜாதேவி" என்றார் ஒருத்தர். "இல்லப்பா, தேவிகா" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் தயிர் சாதத்தை வைத்துவிட்டு செல்போனை எடுத்தார். செல்லாது, செல்லாது, பார்க்காமல் சொல்லணும் என்றதும் மறுபடி தயிர் சாதத்துக்கே திரும்பிவிட்டார்.

விடை: மனோரமா!

ஆமாம் ஸார், நம்ம ஆச்சியேதான். கொசுவம் வைத்துக் கட்டி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, பாதி தமிழ் சினிமாவுக்கு அம்மாவாகவும் மீதிக்குப் பாட்டியாகவும் வந்த அதே மனோரமா. ஒரு காலத்தில் அவரும் ஹீரோயின். ஆனால் அந்த நாற்காலியில் அவர் நீடிக்கவில்லை. நீடிக்காததுதான் நமக்கு லாபம்.

அந்த லாபத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டவர் கவியரசர் கண்ணதாசன். 1958-ல் அவர் சொந்தப் படம் எடுத்தார், 'மாலையிட்ட மங்கை'. அதில் மனோரமாவுக்குக் காமெடி வேஷம். இருபத்தொரு வயசுப் பெண்; நாடக மேடையில் பெரிய பெரிய பாத்திரங்களைப் பண்ணிக்கொண்டிருந்தவர். சிரிப்பு மூட்டச் சொன்னால் முகம் வாடாதா? கவிஞர் சமாதானம் சொன்னாராம். கதாநாயகி என்றால் சில வருஷம்தான், நகைச்சுவை என்றால் ஆயுசு பூரா நடிக்கலாம் என்று. மனோரமாவே பின்னாளில் பல பேட்டிகளில் நன்றியோடு சொன்ன சங்கதி இது.

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். நிலத்துக்கு எழுத மாட்டோம். ஹீரோயின் மெஷின், காமெடி நடிகை நிலம். கவிஞர் காமர்ஸ் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்!

ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்போது 'சான்ஸ்' என்பது ஆசை சமாசாரம் இல்லை. அரிசி சமாசாரம்.

1937 மே 26-ல் மன்னார்குடியில் பிறந்தபோது வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பினார் அம்மா ராமாமிர்தம். போய்ச் சேர்ந்தது காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் மகளின் படிப்பு நின்றது, அவளும் வீட்டு வேலைக்குப் போனாள். கைவசம் இருந்த ஒரே சொத்து குரல். நன்றாகப் பாடுவாள். ஊருக்கு வந்த நாடகக்காரர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வயசில் மேடை ஏறியாகிவிட்டது. மனோரமா என்பதுகூட நாடகக்காரர்கள் சூட்டிய பெயர்தான்.

அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம், கலைஞர் எழுதிய 'மணிமகுடம்'. மேடையில் அண்ணாவோடும் கலைஞரோடும் நடித்தார். சினிமாவில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, தெலுங்கில் என்.டி.ஆர். ஆக மொத்தம் ஐந்து முதலமைச்சர்கள்! (நம்மில் பலருக்கு ஒரு கவுன்சிலரோடு போட்டோ எடுத்துக்கொள்ளவே வாய்க்கவில்லை.)

நாடகத்தில் பழகிய எஸ்.எம்.ராமநாதனை 1964-ல் கல்யாணம் செய்துகொண்டார். பையன் பிறந்தான். கல்யாணம் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. அம்மா எப்படிக் கைக்குழந்தையோடு தனியாக நின்றாரோ, அதே இடத்தில் இப்போது மகள். மனோரமா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

இப்போது கொஞ்சம் தேதிகளைப் பாருங்கள். 1966-ல் 'சரஸ்வதி சபதம்'. 1967-ல் 'அனுபவி ராஜா அனுபவி'. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'. நாகேஷோடு சேர்ந்து தமிழ்நாட்டையே வயிறு குலுங்க வைத்த வருஷங்கள், வீட்டில் அவர் இப்படி நின்ற அதே வருஷங்கள்தான். டிக்கெட் வாங்கிச் சிரித்த நமக்கு அது தெரியவேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, வெள்ளித்திரையில் அதன் சாயல்கூட விழவில்லை.

'தில்லானா' என்றதும் ஜில் ஜில் ரமாமணியைப் பற்றிப் பேசாமல் போனால் ஆசிரியர் மன்னித்தாலும் வாசகர் மன்னிக்க மாட்டார். அந்தப் படத்தில் யார் யார் இருக்கிறார்கள்? சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ்... ஆளுக்கு ஒரு யானை! அந்த யானைக் கூட்டத்துக்கு நடுவில் நாடகக்காரி ரமாமணி வந்து இடுப்பை ஒடித்து, கழுத்தைச் சொடுக்கி, இழுத்து இழுத்துப் பேசுகிறாள். எதிரே சண்முகசுந்தரமாக நிற்கும் சிவாஜி வாயைத் திறக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேலிக்கூத்தாகப் போயிருக்கவேண்டிய பாத்திரம். ஆனால் கலைஞன் ஒருத்தனின் அருமை இன்னொரு கலைஞிக்குத் தெரியும் என்கிற மரியாதை அந்தப் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் மனோரமா. சிரித்து முடித்தபிறகு ரமாமணி மேல் நமக்கு ஒரு பிரியம் மிச்சம் இருக்கும்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? காதிலிருந்து என்பது என் கட்சி. பிறந்தது தஞ்சாவூர் ஜில்லா, வளர்ந்தது செட்டிநாடு, நாடகத்துக்காகச் சுற்றியது ஊர் ஊராக. போன இடத்துப் பேச்சையெல்லாம் காது மூட்டை கட்டி எடுத்து வந்துவிட்டது. 1968-ல் 'பொம்மலாட்டம்' படத்தில் சோவோடு மெட்ராஸ் பாஷையில் ஒரு பாட்டு. சொந்தக் குரலில் பாடினார். இருபத்தாறு வருஷம் கழித்து, 1994-ல் 'மே மாதம்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் மறுபடி ஒரு மெட்ராஸ் பாட்டு. அதிலும் அவர் குரல்! நடுவில் 'சின்ன கவுண்டர்' (1992) வந்தது. துருத்திய பல்லைக் கட்டிக்கொண்டு, விஜயகாந்துக்கு அம்மாவாக, கொங்குத் தமிழில் வெளுத்து வாங்கினார். அழகு போய்விடுமே என்று பல்லைக் கட்ட யோசிக்கும் நடிகையால் இதைப் பண்ணவே முடியாது.

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) வேலைக்காரி கண்ணம்மா எல்லோருக்கும் மனப்பாடம். சின்ன வயசில் நிஜமாகவே வீட்டு வேலை செய்தவர் என்று தெரிந்தபிறகு அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். பார்த்திபனின் முதல் படமான 'புதிய பாதை' (1989) அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. விருது வாங்கிய கையோடு அடுத்த வருஷம் 'நடிகன்' படத்தில், கிழவர் வேஷம் போட்ட சத்யராஜிடம் மனசைப் பறிகொடுத்து வெட்கப்பட்டாரே... ஐம்பதைத் தாண்டிய அம்மணி வெட்கப்பட்டு நாம் நம்பியது அதுவே முதல் தடவை!

ஆபீஸ்வாசிகள் பார்க்கவேண்டியது 'இந்தியன்' (1996). அரசாங்கம் தரவேண்டிய பணத்துக்காக மேஜை மேஜையாக அலைகிற கிழவி. லஞ்சம் தர மாட்டேன் என்று பிடிவாதம். நாற்காலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நமக்குக் கொஞ்சம் நெளியும்.

அதே 1996-ல்தான் நிஜ வாழ்க்கையில் பெரிய சறுக்கல். தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தவர், எதிரணியை ஆதரித்த ரஜினியை மேடையில் காரசாரமாகத் தாக்கிவிட்டார். ஜெயித்தது எதிரணி. படங்கள் குறைந்தன. ஓய்வே பார்க்காத மனுஷிக்கு வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்? கூப்பிட்டது யார் தெரியுமா? ரஜினியே! 1997-ல் 'அருணாசலம்' படத்தில் அவருக்கு வேஷம் கொடுத்தார். பிறகு ஒரு பாராட்டு விழாவில் பழைய கதை ஒன்றையும் சொன்னார். 'பில்லா' படப்பிடிப்பில் கூட்டத்தில் ஒருத்தன் ரஜினியைப் பைத்தியம் என்று கேலி செய்ய, அவனை வெளியேற்றினால்தான் நடிப்பேன் என்று நின்றவர் மனோரமா. அன்றைக்கு அணைத்த கை இன்றைக்கு அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்கிற தோரணையில் ரஜினி பேச, ஆச்சியின் கண்ணெல்லாம் தண்ணீர்.

கடைசியாக ஒரு கணக்கு. ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது. மொத்தம் 1500-க்கு மேல் என்பார்கள். ஐம்பத்தைந்து வருஷத்தால் வகுத்தேன். வருஷத்துக்கு இருபத்தேழு படம்! ஏறக்குறைய பதின்மூன்று நாளைக்கு ஒன்று. கேஷுவல் லீவு, மெடிக்கல் லீவு எல்லாம் எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

2002-ல் பத்மஸ்ரீ. 2010-ல் 'சிங்கம்' படத்தில்கூடப் பாட்டியாக இருந்தார். 2015 அக்டோபர் 10-ல், எழுபத்தெட்டு வயசில், சென்னையில் காலமானார். அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்.

லஞ்ச் முடிந்து கை கழுவும்போது தயிர் சாத நண்பர் மெதுவாகக் கேட்டார்: "அந்த 'கொஞ்சும் குமரி' யூடியூப்ல கெடைக்குமா ஸார்?"