3000 வாட் என்றால் எவ்வளவு சத்தம்?

வகுப்பறைக்கு ஒரு ரிசீவரோ ஆம்பிளிஃபயரோ வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் ஒதுக்கினால், கடைக்குப் போகும் வேலை பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். அங்கே முதலில் கண்ணில் படுவது அட்டைப்பெட்டியில் தடித்த எழுத்தில் இருக்கும் '3000 வாட் பி.எம்.பி.ஓ.'தான். அந்த எண்ணை ஒதுக்கிவிடலாம். கண்ணிமைக்கும் நேர உச்சத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி கணக்கிட்டுப் போடும் எண் அது.

கருவியின் பின்பக்கத்தைப் பாருங்க. '60 வாட்' என்று மின்செலவு சின்னதாக அச்சிட்டிருக்கும். 60 வாட் இழுக்கும் கருவி தொடர்ந்து 3000 வாட் எப்படிக் கொடுக்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! பின்பக்க எண் சாதாரணப் பயன்பாட்டுக்கு அளந்ததாகவும் இருக்கலாம்தான்; அதற்காக 50 மடங்கு வித்தியாசமா? (அறிவியல் பாடத்தில் மாணவர்களிடம் கேட்க நல்ல கேள்வி.)

நாம் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். அளவு, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட். அதிலும் நிபந்தனையைப் படிக்கணும். 'சேனலுக்கு 100 வாட், 7 சேனல்' என்றால் 700 வாட் என்று கூட்டிவிடாதீர்கள். பல ரிசீவர்களில் ஒரு சேனலை மட்டும், 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில், 10 விழுக்காடு சிதைவு வரை ஓட்டி எடுத்த எண் அது. கையேட்டில் '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரு சேனல்கள், 0.08 விழுக்காடு சிதைவு' என்பது போல இன்னொரு வரி இருந்தால், அதிலுள்ள எண் சிறியதாக இருக்கும், அதைத்தான் நம்பலாம். அமெரிக்காவில் இப்படி நிபந்தனையோடு விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1974-இலேயே விதி வந்துவிட்டது.

நமக்கு ஏன் இந்தச் சிதைவுக் கணக்கு? கேட்டல் பயிற்சியில் ல, ள, ழ மூன்றும் பிரிந்து காதில் விழ வேண்டுமே! சக்தி போதாத ஆம்பிளிஃபயரை முறுக்கினால் சத்தம் கூடும், எழுத்து குழம்பும். பின்வரிசைப் பிள்ளை தவறாக எழுதினால் அது அவன் குற்றமில்லை.

50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபெல், 88-க்குப் பதில் 91 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை எடுத்தாலே கிடைத்துவிடும். என்னைக் கேட்டால், மிச்சமாகும் வெள்ளியை ஸ்பீக்கரில் போடுங்க என்பேன்.

கடைக்குப் போகும்போது, பாட்டு வேண்டாம், யாராவது தெளிவாக வாசித்த ஒரு பத்தியைக் கைப்பேசியில் எடுத்துப் போங்க. ஒலியைக் கூட்டச் சொல்லிவிட்டு, கடையின் மறுகோடியில் நின்று கேளுங்க.