ஆறும் பங்காளிகளும் – 7: ஒரே தண்ணீருக்கு எத்தனை வாக்குறுதி?

சென்ற வாரம் வின்டர்ஸ் வழக்கைப் பார்த்தோம். பழங்குடிகளுக்கென்று நிலத்தை ஒதுக்கினால், அதில் அவர்கள் பிழைக்கத் தேவையான தண்ணீரும் சேர்த்தே ஒதுக்கப்பட்டதாகத்தான் பொருள் என்று 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. வறட்சி வந்து, மதகை யாருக்குத் திறப்பது என்று நிற்கும்போது அந்தக் கொள்கை என்ன ஆகும்? கிளமத் ஆற்றில் அதைப் பார்க்கலாம்.

ஒரிகன் மாநிலத்தின் தென்பகுதியில் மேல் கிளமத் ஏரியின் நீரை வாங்கிக்கொண்டு புறப்படும் இந்த ஆறு, சுமார் 400 கி.மீ. ஓடி, வடக்குக் கலிபோர்னியாவில் பசிபிக் கடலில் கலக்கிறது. ஏரிப் பகுதி கிளமத், மோடாக், யஹூஸ்கின் மக்களின் பூமி. கடலை நோக்கி இறங்கினால் கரூக், ஹூப்பா, யூரோக் மக்கள்.

மேற்பகுதி மக்கள் 1864-ல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2 கோடி ஏக்கருக்கும் மேலான நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, எஞ்சிய நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஆற்றில் நீர் இல்லாமல் மீன்பிடி உரிமைக்கு அர்த்தம் இல்லை. 1983-ல் அடேர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. நினைவுக்கெட்டாத காலம் தொட்டு வரும் நீருரிமை இது என்றும் சொன்னது.

ஆனால் 1905-லேயே அதே அரசு அங்கே ஒரு பாசனத் திட்டத்தைக் கையில் எடுத்திருந்தது. ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் வடித்து வயலாக்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு நிலம் கொடுக்க, விண்ணப்பித்தவர்களின் பெயர்களை ஊறுகாய் ஜாடியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். சீட்டு விழுந்தவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கி உருளைக்கிழங்கும் வெங்காயமும் குதிரைமசாலும் பயிரிட்டார்கள். அரசு கூப்பிட்டு, அரசை நம்பி வந்தவர்கள் அவர்கள். யாருடைய தண்ணீரையும் களவாடியவர்கள் அல்லர்.

மூன்றாவது பங்காளி மின்சாரம். 1918-ல் கோப்கோ-1 தொடங்கி, 1960-களில் அயர்ன் கேட் வரை நான்கு அணைகள் ஆற்றின் குறுக்கே எழுந்தன. இவை பாசனத்துக்கு நீர் தந்தவை அல்ல, மின்சாரத்துக்காகவே கட்டப்பட்டவை. கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மன் மீன்களின் வழியை இவை அடைத்துவிட்டன. விவசாயிகள் இதை எதிர்க்காததற்குக் காரணம் உண்டு. மின் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தப்படி அவர்களுக்கு ஒரு யூனிட் மின்சாரம் 1 சென்ட்டுக்கும் குறைவான விலையில் கிடைத்துவந்தது. மோட்டார்கள் அதில்தான் ஓடின.

வறட்சி வந்தபோது கணக்கு உடைந்தது. ஏரியில் வாழும் ச்வாம், கோப்து என்ற இரண்டு மீன் இனங்கள் 1988-லும், ஆற்றின் கோஹோ சால்மன் 1997-லும் சட்டப் பாதுகாப்பு பெற்றிருந்தன. ஏரியில் நீரைத் தேக்கி வைத்தால்தான் முதல் இரண்டும் பிழைக்கும். ஆற்றில் திறந்து விட்டால்தான் சால்மன் பிழைக்கும். மேலே உள்ள பழங்குடிகளின் தேவையும் கீழே உள்ள பழங்குடிகளின் தேவையுமே ஒன்றோடொன்று முட்டின. 2001 ஏப்ரலில் பெரும்பாலான வயல்களுக்கு ஏரித் தண்ணீர் கிடையாது என்று அரசு அறிவித்தது. மே மாதம் கிளமத் ஃபால்ஸ் ஊரில் ஆயிரக்கணக்கானோர் வரிசை கட்டி நின்று, தண்ணீரை வாளி வாளியாகக் கைமாற்றிப் பாசன வாய்க்காலில் ஊற்றிப் போராடினார்கள்.

அடுத்த ஆண்டு அரசு வயல்களுக்குத் திறந்துவிட்டது. 2002 செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் குறைந்து, வெதுவெதுப்பாகிவிட்டது. ஏறிவந்த சால்மன் கூட்டம் மேலே போக முடியாமல் நெருக்கியடித்து நின்றது. ஒட்டுண்ணியும் பாக்டீரியாவும் பரவி, செவுள் அழுகி, 30,000-க்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. யூரோக் மக்களுக்குச் சால்மன்தான் உணவு, வருமானம், சடங்கு எல்லாம்.

ஒரு வருடம் வயல் காய்ந்தது, மறு வருடம் மீன் செத்தது. வழக்கில் யார் ஜெயித்தாலும் இதுதான் மாறி மாறி நடக்கும் என்ற நிலையில்தான் பகையாளிகள் ஒரே மேசைக்கு வந்தார்கள். அணைகளின் உரிமம் 2006-ல் முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் மீன் ஏறப் படிக்கட்டுகள் கட்ட வேண்டும். அதைவிட அணைகளை இடிப்பதே செலவு குறைவு என்று தெரிந்தது. நான்கும் சேர்ந்து அணைகளை நடத்திய மின் நிறுவனத்தின் உற்பத்தியில் 2 சதவீதம்கூடத் தரவில்லை.

2010-ல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின: அணைகள் போகும், பழங்குடிகள் தங்கள் உரிமையை முழுதாகப் பயன்படுத்த மாட்டார்கள், விவசாயிகள் ஒரு வரம்புக்குள் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தராததால் தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் 2015-ன் முடிவில் காலாவதியானது. அணை ஒப்பந்தத்தை மட்டும் மீட்டெடுத்தார்கள். 2024-க்குள் நான்கு அணைகளும் முழுதாக அகற்றப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, நூறாண்டுக்கு மேல் கழித்து, சால்மன் ஒரிகன் எல்லைக்குள் ஏறி வந்தது.

தண்ணீர்ப் பங்கீடோ இன்னும் தீரவில்லை. 2021 வறட்சியில் பாசனத்தின் முதன்மைக் கால்வாய் பருவம் முழுதும் மூடிக் கிடந்தது. 2001-ல் இழந்த நீருக்கு இழப்பீடு கேட்ட விவசாயிகளின் வழக்கு 2019-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பழங்குடிகளின் உரிமையே மூத்தது என்றது நீதிமன்றம்.

சட்டப்படி அது சரியான தீர்ப்பு. ஆனால் நியாயம் அதோடு முடிவதில்லை. மின்சாரத்துக்கு மாற்று இருந்தது, அதனால் அணைகள் வழிவிட்டன. மீனுக்கும் பயிருக்கும் தண்ணீரை விட்டால் மாற்று இல்லை. மூத்த உரிமைக்கு முதலில் நீர் விடவேண்டும். மீதி எவ்வளவோ அதற்கேற்ப வயல்களின் பரப்பைக் குறைக்கவேண்டும். குறைநீர் ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்பதை நீர் நிறைந்த ஆண்டிலேயே எழுதி வைக்கவேண்டும். ஆற்றை அளக்காமல் வாக்குக் கொடுத்தது அரசு. அந்தக் கடனை விவசாயியின் தலையிலோ பழங்குடியின் தலையிலோ கட்டாமல், அரசே தீர்க்கவேண்டும்.

(தொடரும்)