வெயில் காற்றைச் சுடுவதில்லை

சூரியன் உச்சிக்கு வருவது நண்பகலில். ஆனால் பெரும்பாலான ஊர்களில் அன்றைய அதிகபட்ச வெப்பம் பதிவாவது பிற்பகல் 2 மணிக்கு மேல்தான். சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் கடந்துவந்து தரையில் விழுவதே இந்தத் தாமதத்துக்குக் காரணம். முதலில் காய்வது தரை. அதைத் தொட்டு நிற்கும் காற்று பிறகே சூடேறுகிறது.

மே மாத நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். அதே நேரத்தில் வானிலை நிலையத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில், நிழல்தரும் வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி 40 காட்டும். செய்தியில் சொல்லப்படுவது அந்த 40தான். நடைபாதையில் கடைவிரித்து உட்கார்ந்திருப்பவரும், வெறுங்காலோடு நடக்கும் குழந்தையும் அனுபவிப்பது அதைவிடக் கடுமையான வெயில். வெப்ப எச்சரிக்கை விடுக்கும்போது நினைவில் இருக்கவேண்டியவர்கள் அவர்கள்.

சூடான காற்று விரிந்து, எடை குறைந்து மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து சற்றுக் குளிர்ந்த காற்று இறங்கும். பருந்து சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயர்வது இந்த ஏற்றத்தில்தான். வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. ஏறும் காற்றில் ஈரம் இருந்தால், போதுமான அளவு குளிர்ந்ததும் அது மேகமாகும்.

தரைக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தால் கதை மாறுகிறது. சென்னையைப் பாருங்கள். மணலைவிட நீரைச் சூடாக்கப் பல மடங்கு வெப்பம் தேவை. வெயில் நீருக்குள் ஆழமாக இறங்குகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது. அதனால் மே மாதத்தில் வங்கக் கடலின் மேற்பரப்பு இரவும் பகலும் ஏறக்குறைய 30 டிகிரியிலேயே நிற்கிறது. நிலம் மட்டும் கொதிக்கிறது. நிலத்தின்மேல் காற்றழுத்தம் குறைய, கடல்மேல் உள்ள காற்று கரைக்குள் புகுகிறது. சென்னைக்காரர்கள் காத்திருக்கும் கடற்காற்று இதுவே. அது நுழைந்த சிறிது நேரத்தில் வெப்பம் மளமளவென இறங்கும். மெரினாவை ஒட்டிய பகுதிகளுக்கு முதலிலும் மீனம்பாக்கத்துக்குச் சற்றுப் பிந்தியும் அந்த நிம்மதி கிடைக்கிறது.

வறண்ட மேற்குக் காற்று வலுவாக வீசும் நாளில் கடற்காற்றால் உள்ளே வர முடியாது. வந்தாலும் மாலையில்தான். நகரம் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாள்களில். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. இந்த இரு காற்றுகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மேலே தள்ளப்படுகிறது. ஜூன், ஜூலை மாலைகளில் சென்னையில் இடியோடு கொட்டும் திடீர் மழைக்கு இந்த மோதல் ஒரு முக்கியக் காரணம்.

இரவில் எல்லாம் தலைகீழ். மேகமில்லாத, காற்றசைவற்ற ஜனவரி இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அடியில் குளிர்ந்த கனமான காற்று, மேலே வெதுவெதுப்பான லேசான காற்று. அடியில் இருப்பது மேலே ஏற வழியில்லை. பானைக்கு மூடி போட்டதுபோல் ஆகிறது. பகலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம்வரை கலந்து பரவக்கூடிய புகை, இப்போது சில நூறு மீட்டருக்குள் சிக்கிக்கொள்கிறது.

போகிப் பண்டிகையின் பழம்பொருள்கள் எரிக்கப்படுவது சரியாக இந்த நேரத்தில், விடியலுக்கு முன்பு. டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் நச்சுப்புகை பனியோடு கலந்து, மனிதர் மூச்சுவிடும் உயரத்திலேயே தங்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதைவிட மோசமான காலை வேறில்லை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இத்தகைய புகைமூட்டம் கலைய, வெயில் ஏறித் தரையைச் சூடாக்க வேண்டும். அடிக்காற்று மறுபடி மேலெழத் தொடங்க வேண்டும். அதற்குக் காலை எட்டு, ஒன்பது மணியாவது ஆகிவிடும்.