மலையகக் குடும்பங்களும் வமிசாவளி ஆராய்ச்சியும்

வமிசாவளி என்றதும் மன்னர் பரம்பரையும் பிரபுக்கள் குலமுமே நம் நினைவுக்கு வருவன. ஆயின், காடழித்து நிலந்திருத்திய எளிய குடிகளுக்கும் முன்னோர் உண்டு. அவர்தம் வரலாறும் ஆராயத்தக்கதே. அத்தகையோர் இருசாரார். அமெரிக்காவின் மேற்கெல்லையிற் குடியேறிய உழவர் ஒரு சாரார். ஊவா மாகாணத்து ஹல்துமுல்லை, கொஸ்லாந்தை, ஹப்புத்தளை மலைச்சாரல்களிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் மற்றொரு சாரார். இவர்தம் வழித்தோன்றல்கள் முன்னோரைத் தேடும் வழிகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டிற் பிறந்த குடியேற்ற நிலச்சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டவர்க்கு 160 ஏக்கர் வரை நிலம் வழங்கியது. உரிமை பெற விரும்பியவர் தாம் கட்டிய வீட்டையும் பயிரிட்ட நிலத்தையும் சாட்சிகளைக் கொண்டு நிறுவவேண்டியிருந்தது. அப்பத்திரங்கள் இன்றும் அந்நாட்டுத் தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. ஆகவே, அங்கே பேரன் பாட்டனைத் தேடுங்கால் நிலவுறுதியே வழிகாட்டியாகின்றது.

ஊவா மலைநாட்டின் நிலை வேறு. கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய 19ஆம் நூற்றாண்டில் நம்மவர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் கீழ்க் கூட்டங்கூட்டமாக வந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. காட்டை அழித்தவரும் கன்றை நட்டவரும் அவர்களே. எனினும் ஒரு பிடி மண்ணும் அவர்க்கு உரித்தாகவில்லை. குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே சொந்தம். நிலவுறுதி இல்லாக் குடிக்கு எஞ்சிய ஏடுகள் யாவை? கணக்கப்பிள்ளை எழுதிய செக்ரோல், கடன்தொகை குறித்த துண்டு, தோட்டத்து எழுத்தும் எண்ணும் பொறித்த தகரச்சீட்டு என்பனவே. இவை யாவும் கூலியையும் கடனையும் கணக்கிட எழுந்தவை. குடும்பத்தைக் குறிக்க எழுந்தவை அல்ல.

எனினும், இவ்வேடுகளிலேயே ஒருவரின் உரிமை தங்கியிருக்கும் காலமும் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, அதற்குமுன் இலங்கையிற் பிறந்தவர் வம்சாவழிப் பிரஜையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவு 1897ஆம் ஆண்டிலேதான் கட்டாயமாயிற்று. அதற்குமுன் லயத்திற் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கே தேடுவது? 1949ஆம் ஆண்டின் சட்டமோ, 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. தாய்வீட்டுத் துக்கத்துக்கென ஊர் சென்று ஓராண்டுக்குமேல் தங்கியவரின் தொடர்ச்சி அறுந்ததாகவே கொள்ளப்பட்டது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேரே. வமிசாவளி, பிறர்க்கு ஓய்வுநேர ஆராய்ச்சி; மலையகத்தார்க்கோ வாழ்வா சாவா என்னும் வழக்கு.

1964 அக்டோபர் 30இற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. அண்ணன் தாயகம் திரும்பத் தம்பி இங்கே தங்கினான்; ஒரு குடியின் வரலாறு இரு நாடுகளிற் சிதறிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தவர்க்கும் அவர் வழிவந்தோர்க்கும் பிரஜாவுரிமை அளித்து அவ்வழக்கை முடித்து வைத்தது. ஆனால், அறுந்த உறவு சட்டத்தால் ஒட்டுவதன்று.

இனி, ஆராய்வார் கைக்கொள்ளத்தக்க முறை யாது? முதலில் வீட்டு முதியோரைக் கேட்டல் வேண்டும். மன்னார்க் காட்டுவழியே நடந்துவந்த கதை வழங்குமாயின், அக்குடியின் வருகை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டினது எனலாம். தகரச்சீட்டும் மண்டபம் முகாமும் நினைவிலிருப்பின் 20ஆம் நூற்றாண்டினதாகும். தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பல் 1914இல் ஓடத்தொடங்கியது. ஹப்புத்தளைக்குப் புகையிரதம் 1893இல் வந்தது. தொழிலாளர் இங்கு வருவதை இந்திய அரசு 1939இல் தடுத்தது. இவ்வாண்டுகள் வாய்மொழிக்கு அளவுகோலாவன. அடுத்து, பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், செக்ரோல், தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டை ஆகியவற்றை அவ்வாய்மொழியுடன் ஒப்பிடுக. இங்கு ஓர் எச்சரிக்கை: பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் நம் வழக்கம், ஆதலின் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். எழுதுவோர் காதில் விழுந்தவாறு எழுதியமையால் ஒருவரே பல பெயரினராகத் தோன்றுதலும் உண்டு. பெயரை மட்டும் நம்பாது தாயின் பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர் ஆகியவற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். தோட்டத்துக்கு ஏட்டில் ஒரு பெயரும் நாவில் வேறொரு பெயரும் இருப்பதையும் மறத்தலாகாது.

இப்பணிக்குக் காலம் காத்திராது. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையில், ஹல்துமுல்லைப் பிரிவின் மீரியபெத்தை லயங்களை மண்சரிவு மூடியது. உயிரும் உடைமையும் அழியும் இத்தகைய வேளையில், தகரப்பெட்டியுட் பேணிய பத்திரங்களும் முதியோர் நெஞ்சிற் பேணிய பெயர்களும் உடன் மறைகின்றன. ஆதலின், மலையகத்து மாணவர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்து, பாட்டன் பாட்டியர் பெயர், அவர் பிறந்த ஊர், வந்த வழி, உழைத்த தோட்டங்கள் ஆகியவற்றை அவர் வாய்மொழியாகவே எழுதி வைப்பாராக. நிலவுறுதி இல்லாத குடிக்கு அக்குறிப்பேடே உறுதியாகும்.