இருப்புப்பாதையும் கைகாட்டியும்

திருநெல்வேலியிலிருந்து மேற்கு நோக்கித் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள ஊர்களுள் பாவூர்சத்திரமும் ஒன்று. காய்கறிச் சந்தையால் பெயர்பெற்ற அவ்வூரைச் சுற்றி வயல்களும் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. மேற்கே குற்றால மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழியே மீட்டர்ப் பாதை அமைக்கப்பெற்றது. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1,000 மில்லிமீட்டர். 2012ஆம் ஆண்டில் திருநெல்வேலி முதல் தென்காசி வரையுள்ள பகுதி, 1,676 மில்லிமீட்டர் அகலமுடைய அகலப்பாதையாக மாற்றப்பெற்றது. பாதை அகன்றதேயன்றி, தடம் ஒற்றைத் தடமாகவே உள்ளது. கிழக்கேயிருந்து வரும் வண்டியும் மேற்கேயிருந்து வரும் வண்டியும் அந்த ஒரு தடத்தையே பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். அவை ஒன்றோடொன்று மோதாமல் நாள்தோறும் சென்று மீள்வது எங்ஙனம்? இதனை அறிவது பயனுடையது.

சாலையில் செல்லும் ஊர்தியை ஓட்டுபவர், எதிரே ஓர் ஆட்டைக் கண்டவுடன் நிறுத்திவிடலாம். அன்றேல் ஒதுங்கிச் செல்லலாம். இரயில் வண்டிக்கு இவ்விரண்டும் எளியன அல்ல. தண்டவாளத்தை விட்டு அதனால் ஒதுங்க இயலாது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருளுவதால் உராய்வு மிகக் குறைவு. இக்குறைவான உராய்வினாலேயே பெரும்பாரத்தைச் சிறு ஆற்றலால் இழுக்க முடிகின்றது. ஆயினும், நிறுத்தும்போது அந்நன்மையே இடராக மாறுகின்றது. மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் ஓடும் வண்டி, தடையை அழுத்திய பின்னரும் முக்கால் கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை ஓடியே நிற்கும். மேலும், விரைவு இருமடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தொலைவு நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் விரைவில் 200 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 100 கிலோமீட்டர் விரைவில் 800 மீட்டர் வேண்டும். எனவே, ஓட்டுநர் கண்ணால் கண்டபின் நிறுத்தலாம் என்று இருத்தல் ஆகாது. முன்னே உள்ள நிலையை அவர் முன்னதாகவே அறிதல் வேண்டும். அதனை அறிவிப்பதற்கு அமைந்தவையே கைகாட்டிகள்.

தொடக்கக் காலத்தில் மேனாடுகளில் பல பாதைகளில், ஒரு வண்டி சென்று சில நிமிடங்கள் கழிந்தபின் மற்றொரு வண்டியை அனுப்பினர். முன்னே சென்ற வண்டி இடையில் நின்றுவிட்டால் இம்முறை பயன்படாது. இக்குறையின் கொடுமையை 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்து நாட்டின் அர்மா நகரருகே உலகம் கண்டது. சிறுவர் பலரை ஏற்றிச் சென்ற சுற்றுலா வண்டி, மேட்டில் ஏற இயலாது நின்றது. அதன் பெட்டிகளைப் பிரித்து, முற்பகுதியை மட்டும் முதலில் கொண்டு செல்ல முனைந்தனர். அப்போது பிற்பகுதி சரிவில் உருண்டோடி, பின்னே வந்துகொண்டிருந்த வண்டியின்மீது மோதியது. 80 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றிற்று. வண்டிகளுக்கு இடையே காலத்தை மட்டும் இடைவெளியாக விடுதல் கூடாது. இடத்தையே இடைவெளியாக விடுதல் வேண்டும் என்பது உறுதியாயிற்று. பயணிகள் வண்டியின் பெட்டிகள் அனைத்திலும் தானே இயங்கும் தடை அமைதல் வேண்டும் என்பதும் விதியாயிற்று.

இடத்தை இடைவெளியாக விடும் முறை எளிதில் விளங்கக் கூடியதே. பாதை முழுவதும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை வேறொரு வண்டி அதனுள் நுழைதல் கூடாது. ஒற்றைத் தடங்கள் பலவற்றில் இதற்குச் சான்றாக நெடுங்காலம் ஓர் உலோக உருண்டை வழங்கிவந்தது. அதனை டோக்கன் என்பர். இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டி போன்ற கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலையத்தார் இசைவு தந்தாலன்றி உருண்டை வெளிவராது. ஓர் உருண்டை வெளிவந்தபின், அதனைத் திரும்பக் கருவியில் இடும்வரை மற்றோர் உருண்டையை எவராலும் எடுக்க முடியாது. பிரம்பு வளையத்தில் கட்டிய பையில் அதனை இட்டு, ஓடும் வண்டியின் ஓட்டுநரிடம் நீட்டுவர். அது கையில் இல்லாமல் அவர் நிலையத்தை விட்டுச் செல்லார். இக்காலத்தில் பல இடங்களில் உருண்டைக்கு மாறாக மின்கருவிகளே இப்பணியைச் செய்கின்றன.

பழைய கைகாட்டி மரத்தின் கை கிடையாக நீண்டிருந்தால் ‘நில்’ என்பதும், தாழ்ந்திருந்தால் ‘செல்’ என்பதும் பொருளாம். கம்பி அறுந்துபோனால் எடைக்கல்லின் பாரத்தால் கை தானே மேலெழுந்து ‘நில்’ என்று காட்டும். இன்று அதனிடத்தில் வண்ண விளக்குகள் நிற்கின்றன. சிவப்பு நிற்கவும், மஞ்சள் அடுத்த விளக்கில் நிற்பதற்கு ஆயத்தமாகவும், பச்சை தடையின்றிச் செல்லவும் கூறும். விளக்கும், தடம் மாற்றும் முனைகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. முனைகள் உரிய தடத்தில் பொருந்திப் பூட்டப்பட்டாலன்றி விளக்கு பச்சையாகாது. 1856ஆம் ஆண்டில் ஜான் சாக்ஸ்பி என்பவர் இத்தகைய பிணைப்புக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

1872ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன், தண்டவாளத்தையே காவலாக அமைத்தார். அவர் இரு தண்டவாளங்களிலும் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினார். வண்டி வந்தவுடன் அதன் அச்சும் சக்கரங்களும் மின்னோட்டத்திற்குக் குறுக்குவழியாகி, கருவிக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைக்கும், விளக்கு சிவப்பாகும். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும் சிவப்பே தோன்றும். கருவி பழுதுற்றால் வண்டி நிற்குமேயன்றி, இடரினுள் செல்லாது. ஐயம் நேர்ந்தவிடத்து நிற்க என்னும் இவ்விதியே இருப்புப்பாதைக் கலையின் உயிர்நாடி எனலாம்.

நகரின் அடியில் ஓடும் இரயில்களில் இவ்விதி மேலும் நுட்பமாகச் செயற்படுகின்றது. உலகின் முதற் சுரங்க இரயில் 1863ஆம் ஆண்டில் இலண்டனில் ஓடியது. இந்தியாவில் 1984ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் அது தொடங்கியது. சென்னையில் 2015ஆம் ஆண்டில் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கிற்று. 2017ஆம் ஆண்டு மே திங்களில் அதன் சுரங்கப் பகுதி திறக்கப்பெற்றது. எழும்பூர், சென்ட்ரல், உயர்நீதிமன்றம் ஆகிய நிலையங்கள் நிலத்தின் அடியிலேயே அமைந்துள்ளன. அங்கு வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை விரைந்து செல்லும். சுரங்கத்தின் வளைவுகளில் தொலைவு தெரியாது. ஆதலின், செல்லத்தக்க விரைவு இன்னதென்பது ஓட்டுநரின் அறையிலேயே காட்டப்படுகின்றது. அதனை மீறினால் கருவியே தடையை அழுத்திவிடும்.

நகரத்தில் வண்டியின் விரைவைக் காட்டிலும், அடுத்தடுத்து வண்டிகள் வருதலே மிகுந்த பயன் தரும். நிலையங்கள் அணித்தணித்தே இருப்பதால் வண்டி முழு விரைவை எய்திய சிறிது நேரத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கின்றது. ஒரு வண்டியில் 1,000 பேர் செல்வதாகக் கொள்வோம். ஐந்து நிமிடத்திற்கு ஒரு வண்டி எனில், ஒரு மணியில் 12,000 பேர் செல்லலாம். இரண்டரை நிமிடத்திற்கு ஒன்று எனில், 24,000 பேர் செல்லலாம். இடைவெளியைக் குறைக்க வேண்டுமானால், முன்வண்டி எங்குள்ளது என்பதும், பின்வண்டி எத்துணைத் தொலைவில் நிற்கும் என்பதும் தவறின்றித் தெரிதல் வேண்டும். ஆகவே, செம்மையான கைகாட்டி முறையே மக்கள் விரைந்து செல்லவும் துணைபுரிகின்றது.

பாவூர்சத்திரம் போன்ற ஊர்களில் இருப்புப்பாதையைச் சாலை கடக்குமிடத்துக் கதவு அடைபட்டிருக்கும்போது, சிலர் அதன் அடியில் குனிந்து செல்வதுண்டு. வண்டி இன்னும் தொலைவில் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றும். ஆனால், அவ்வண்டி அதற்குள் நிறுத்த இயலாத எல்லையைக் கடந்திருக்கக் கூடும். ஓட்டுநர் அவர்களைக் கண்டாலும் காப்பாற்ற இயலாமற் போகும். அர்மாவில் மாண்டவர்களின் பின்னரே உலகம் கற்ற பாடத்தை ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் ஓசையின்றி உரைத்துக்கொண்டிருக்கின்றன. ஓட்டுநரும், நிலைய அலுவலரும், கதவுக் காவலரும் அதனை மதிக்கின்றனர். சாலையில் நிற்பவரும் அதனை மதித்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால், வண்டியும் தன் ஊரைச் சேரும். மக்களும் தம் இல்லம் சேர்வர்.