டார்வின் குடியிருந்த குன்றூர்

டவுன் என்னும் பெயர் தமிழ்க் காதுக்கு நகரம் என்று ஒலித்தாலும், அது குன்றைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. லண்டனுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சுண்ணாம்புப் பாறை மேட்டின்மீது அமைந்த இச்சிற்றூர், நெடுங்காலம் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1965இல் லண்டன் பெருநகர எல்லைக்குள் வந்தது. அயர்லாந்தில் இதே பெயருடைய மாவட்டம் ஒன்று இருப்பதால், குழப்பத்தைத் தவிர்க்க 19ஆம் நூற்றாண்டில் ஊர்ப்பெயரின் இறுதியில் ஓர் எழுத்தைச் சேர்த்தனர். ஆயினும் பழைய எழுத்துக்கூட்டலை விடாத வீடு ஒன்று அங்கே உண்டு, அதனாலேயே உலகம் இவ்வூரை அறிந்திருக்கிறது.

சார்லஸ் டார்வின் தம் 33ஆம் வயதில், 1842 செப்டம்பரில், அந்த வீட்டுக்குக் குடிவந்து, 1882 ஏப்ரல் 19 அன்று இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய ஐந்தாண்டுக் கடற்பயணத்தை வியந்து பேசுவோர் பலர் இந்த நாற்பது ஆண்டுகளை எளிதாகக் கடந்துவிடுகின்றனர். ஆனால் பயணத்தில் கண்டவை கோட்பாடாகத் திரண்டது இவ்வூரின் வயல்களுக்கும் வேலிகளுக்கும் இடையில்தான். 1846இல் குத்தகைக்கு எடுத்த நிலத்துண்டில் மரங்கள் நட்டு, மணல் பரப்பிய நடைபாதை ஒன்றை அமைத்து, சிந்தித்தபடியே அதைச் சுற்றிவந்த அவர், எண்ணிக்கை தவறாதிருக்கச் சக்கிமுக்கிக் கற்களைக் குவித்துவைத்து, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிவிடுவார்.

குடிவந்த ஆண்டின் டிசம்பரிலேயே வீட்டருகே இருந்த வயலில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்து, 29 ஆண்டுகள் பொறுத்திருந்து, 1871 நவம்பரில் குறுக்கே பள்ளம் வெட்டிப் பார்த்தபோது, அக்கற்கள் 7 அங்குல ஆழத்தில் வெண்கோடாகத் தென்பட்டன. மண்புழுக்கள் தின்ற மண்ணை ஓயாமல் மேலே கொண்டுவந்து தள்ளியதால் கற்கள் தாமாகவே புதைந்துபோயிருந்தன. இத்தகைய சோதனைகளிலிருந்து 1881இல் மண்புழுக்களைப் பற்றிய அவருடைய கடைசி நூல் உருவாயிற்று. ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவருக்கே வாய்க்கக்கூடிய அறிவு அது.

ஊர்மக்களுக்கோ அவர் கணக்குப் பார்ப்பவர். நோய், சாவு போன்ற இடர்களில் ஒருவருக்கொருவர் உதவத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு நடத்திய சங்கத்துக்கு அவர் 30 ஆண்டுகள் பொருளாளராக இருந்தார். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு மறுநாள், கொடியும் வாத்தியமுமாக ஊர்வலம் வந்து தம் வீட்டுப் புல்வெளியில் கூடும் உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் வரவுசெலவை அவரே விளக்குவார். அவருடைய கோட்பாடு வெளியுலகை எட்டிய நாளிலும் அவர் இவ்வூரில்தான் இருந்தார். சூழலுக்கு ஏற்ற உயிர்களே மிகுதியாகத் தழைத்து வழித்தோன்றல்களைப் பெருக்குகின்றன என்னும் இயற்கைத் தேர்வுக் கருத்து, 1858 ஜூலை 1 அன்று, டார்வின், மற்றோர் இயற்கையியலாளரான வாலஸ் இருவரின் எழுத்துகள் வழியாக லண்டன் அறிவியல் அவையொன்றில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, டார்வின் அங்கில்லை. ஒன்றரை வயது மகனை ஊர்த் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

அவ்வூரின் மற்றொரு பெருமகன், பக்கத்துப் பண்ணை மாளிகையில் வளர்ந்த ஜான் லப்பக். டார்வின் குடிவந்தபோது எட்டு வயதுச் சிறுவனாக இருந்து, அவரிடமே இயற்கையை உற்றுநோக்கக் கற்றுக்கொண்ட லப்பக், பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நாம் இன்று வழங்கும் பகுப்புக்குரிய பெயர்களை 1865இல் தம் நூலில் அறிமுகப்படுத்தினார்; நாடாளுமன்ற உறுப்பினராகி, வங்கி விடுமுறைச் சட்டத்தை 1871இலும், தொல்சின்னங்களைக் காக்கும் சட்டத்தை 1882இலும் கொண்டுவந்தார்.

டார்வின் இறந்ததும், தேவாலய முற்றத்தில் தம் குழந்தைகளுக்கும் தமையனுக்கும் அருகிலேயே அவர் உறங்குவார் என்று ஊர் எதிர்பார்த்தது. உள்ளூர்த் தச்சர், அவருடைய எளிமைக்கு ஏற்ப, மெருகிடாத சவப்பெட்டி ஒன்றைச் செய்தார். ஆனால் இருபது நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்தோடு லப்பக் விடுத்த வேண்டுகோளால், ஏப்ரல் 26 அன்று உடல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பளபளப்பான வேறொரு பெட்டி வந்தது. தச்சர் செய்த பெட்டி அவரிடமே திரும்பிற்று. 1896இல் இறந்த மனைவி எம்மா ஊர்த் தேவாலய முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.